தெளுவும் மக்கொல்லியும்

சென்ற மாதம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்து, காப்பி வந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசையிலிருந்து தென்னை விவசாயி ஒருவர் எழுந்தார். "கொரியாக்காரன் அவன் ஊர்ச் சரக்கை உலகமெல்லாம் கொண்டுபோய் விக்கிறானாம். நம்ம தெளுவை நாம ஏனுங்க அனுப்பக்கூடாது?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார். நாமும் அப்போது விடை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளத்தக்கதன்று என்பது நம் எண்ணம்.

கேட்டவரின் நிலையை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று தென்னை வளரும் பகுதியெங்கும் பரவிவிட்டது. அதனோடு வேர் வாடல் நோயும் சேர்ந்து மரங்களை வாட்டுகிறது. தேங்காய் விலையோ ஓராண்டு ஏறுகிறது, மறு ஆண்டு விழுகிறது. காயை மட்டும் நம்பிய குடும்பம் மரத்திலிருந்து வேறு வருவாய் உண்டா என்று கேட்பது இயற்கையே. தென்னையிலிருந்து நீரா இறக்கி விற்கலாம் என்று தமிழக அரசு 2017இல் வழி திறந்துவிட்டபோது, நல்ல மரம் ஒன்று நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வரை தரும் என்ற கணக்கு தோப்புதோறும் பேசப்பட்டது. கணக்கு தவறன்று. குடிப்பவர் யார் என்ற கேள்விதான் அந்தக் கணக்கில் இடம் பெறாமல் போயிற்று.

இனி, அன்பர் குறிப்பிட்ட கொரியாவைப் பார்ப்போம். அந்நாட்டு உழவர்களின் பானத்திற்கு மக்கொல்லி என்று பெயர். நம் காதுக்குப் பெயரின் பின்பாதி சற்று அச்சமூட்டுகிறது. அவர்கள் மொழியில் 'இப்போதுதான் வடித்தது' என்றோ 'கரடுமுரடாக வடித்தது' என்றோ பொருள்படுமாம். அரிசியை ஆவியில் வேகவைத்து, நூருக் என்னும் கோதுமை நொதிக்கட்டியும் நீரும் சேர்த்துப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். அரிசி களைந்த கழுநீர்போல் கலங்கி வெளுத்திருக்கும். மதுச்சத்து நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் இருக்கும். நாற்று நடும் வயலில் வேலையாட்களுக்குக் கொடுத்து வந்தமையால் அதற்கு உழவர் மது என்றே மறுபெயர் உண்டு.

அந்தப் பானம் பட்ட பாடு கொஞ்சமன்று. ஜப்பானியர் ஆட்சியில் வீட்டில் மது வடிப்பது ஒடுக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அரிசிப் பஞ்சம் இருந்ததால் 1965இல் அரிசியில் மது வடிக்கச் சட்டமே தடை போட்டது. கோதுமை மாவில் வடித்தார்கள், சுவை கெட்டது, மரியாதையும் கெட்டது. நகரத்து இளைஞர் அதை ஏழைக் கிழவர்களின் குடி என்று ஒதுக்கினர். பின்னர் விளைச்சல் பெருகித் தடைகள் தளர்ந்தன. 1995இல் வீட்டில் வடித்துக்கொள்ளவும் இசைவு கிடைத்தது. 2009 அளவில் அதே இளைஞர்கள் அதே கிழவர் குடியைத் தேடி வந்தார்கள். 2021இல் மக்கொல்லி வடிக்கும் வழக்கம் அந்நாட்டின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவாயிற்று.

நமக்குப் பாடமாவது இந்தப் புகழ்க் கதை அன்று. அதன் நடுவே நேர்ந்த இரண்டு சறுக்கல்கள்.

முதலாவது பெயரைப் பற்றியது. வெளிநாட்டாருக்கு மக்கொல்லி என்று உச்சரிக்க வராது என்று எண்ணி, 2010இல் அந்நாட்டு வேளாண்மை அமைச்சகம் ஆங்கிலச் செல்லப்பெயருக்குப் போட்டி ஒன்று நடத்தியது. தேர்ந்தெடுத்த பெயருக்குத் தமிழில் 'குடிபோதை அரிசி' என்று பொருள் சொல்லலாம். உள்ளூரிலேயே நகைப்புக்கு இடமாயிற்று. இன்று அந்தப் பெயர் எங்கும் இல்லை. குடிப்பவர்கள், வாய் கோணினாலும், மக்கொல்லி என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

இரண்டாவது வியாபாரத்தைப் பற்றியது. ஜப்பானில் கொரிய நாடகங்களும் பாட்டுகளும் பரவிய அலையில் மக்கொல்லியும் ஏறிச் சென்றது. 2011இல் ஏற்றுமதி உச்சியைத் தொட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே விழுந்தது. இரு நாட்டு உறவில் ஏற்பட்ட கசப்பு ஒரு காரணம். உயிருள்ள மக்கொல்லி குளிரில் வைத்தாலும் பத்து நாள் அளவில் புளித்துப்போகும் என்பதால், சூடாக்கி நொதி அடக்கி, இனிப்பேற்றிப் புட்டியில் அடைத்து அனுப்பியது மற்றொன்று. வாங்கியவர்கள் ஒருமுறை வேடிக்கைக்குக் குடித்தார்கள்; மறுமுறை கேட்கவில்லை. ஒரே நாட்டை நம்பி எல்லாச் சரக்கையும் ஏற்றியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

சறுக்கிய பின்பும் பிழைத்து நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சிறுகச் சிறுகக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். புதியவருக்கு ஒரு சிறு கிண்ணம். அதனோடு வெங்காயத்தாள் போட்டுச் சுட்ட அடை. அடியில் தங்கிய வண்டலைக் கலக்கிக் குடிப்பதா, தெளிந்ததை மட்டும் குடிப்பதா என்று சொல்லித் தருகிறார்கள். பெரியவருக்கு இரு கையாலும் ஊற்ற வேண்டும் என்பதும், பெரியவர் முன் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தவை. மழை நாளில் அடையும் மக்கொல்லியும் என்பது அவர்களுக்கு நம் ஊர்ச் சுக்குக் காப்பியைப் போல. வந்தவர் ஒரு பானத்தோடு ஓர் ஊரின் நடைமுறையையும் அறிந்துகொண்டு திரும்புகிறார்.

நம் அங்கத்தினர்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. உழவரோ உழவர் நிறுவனமோ தம் வட்டாரத்து விளைபொருளைக் கொண்டு வடிக்கும் மதுவிற்குக் கொரியச் சட்டம் தனிச் சலுகை தருகிறது: வரிக் குறைப்பு உண்டு, கணினி வழியே வீட்டுக்கு விற்கவும் உரிமை உண்டு. பெரிய ஆலைகளுக்கு அந்த உரிமை இல்லை. விளைவித்தவன் கையிலேயே பண்டம் கடைசிவரை இருக்கட்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. நம் சங்கங்களின் அடித்தளமே அதுதான்.

ஒப்புமை இதோடு நிற்க வேண்டும். அவர்களுடையது மது, நம்முடையது மதுவன்று. ஆனால் மதுவின் நிழல் நம் தெளுவின்மேல் விழுந்திருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. 1921இல் ஈரோட்டுப் பெரியார் கள்ளுக்கு உதவக்கூடாதென்று தம் தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்த நாடு இது. 1937இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதும் நம் அண்டைச் சேலத்தில்தான். 1987 முதல் கள் இறக்குவது தடைபட்டிருக்கிறது. கள்ளுக்கு இடம் தரவேண்டும் என்று கொங்கு விவசாயிகள் பலர் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகின்றனர். வேறு மதுவெல்லாம் கடையில் விற்கும்போது மரத்து மதுவுக்கு மட்டும் விலக்கு ஏன் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கு சட்டமன்றத்துக்கு உரியது. நமக்குத் தெரிந்தது வேறொன்று. உக்கடம் பேருந்து நிலையத்தருகே தெளுவுக் குடத்தைக் கண்டு குழந்தை கை நீட்டியபோது, "அது கள்ளு, வா" என்று தாய் இழுத்துச் சென்றதைப் பார்த்திருக்கிறோம். கடல் கடந்த நாட்டில் நம் பானத்தை அறிமுகம் செய்யப் புறப்படுமுன், அந்தத் தாய்க்கு அறிமுகம் செய்தோமா?

இங்கே பெயர்ச் சிக்கல் வந்து சேர்கிறது. சட்டத்தில் இருப்பது 'நீரா' என்ற சொல். நம் பாட்டன்மார் நீரா குடித்ததில்லை, தெளுவு குடித்தார்கள். தென் மாவட்டத்தார் பதநீர் என்பார்கள். புட்டியின் மேல் நீரா என்று மட்டும் அச்சிட்டால், கிணத்துக்கடவுக் கிழவிக்குக்கூட அது பட்டணத்துச் சரக்காகவே தோன்றும். நெகமம் சேலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது நெகமம் என்ற ஊர்ப்பெயரை யாரும் மாற்றவில்லை. கோவாவின் ஃபெனியும் 2009இல் தன் பெயரோடுதான் அக்குறியீட்டைப் பெற்றது. ஆகவே தெளுவு என்று பெரிதாக எழுதுக என்பதே நம் கட்சி. ஆனால் நண்பர் ஒருவர் ஒரு மறுப்புச் சொன்னார், அதுவும் சரியாகவே பட்டது: கோவையில் இன்று பீகாரிலிருந்து வந்து உழைப்பவர் திரளாக இருக்கிறார்கள், 2016இல் மதுவிலக்கு வந்தபின் அவர்கள் மாநிலத்து அரசே நீராவை ஊக்குவித்து வருகிறது, அவர்களுக்குத் தெரிந்த சொல் நீராதான். அப்படியானால் இரண்டையும் எழுதலாம். தெளுவு மேலே, நீரா கீழே.

சுவையைப் பற்றியும் உண்மையே பேசவேண்டும். பாளையைச் சீவி வடியும் சாறு சொட்டிய கணத்திலிருந்தே புளிக்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பழைய முறை. சுண்ணாம்பு மிகுந்தால் நாக்கு அரிக்கும். காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் பனிக்கட்டிப் பெட்டியைப் பாளையிலேயே பொருத்திச் சுண்ணாம்பின்றி இறக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். அதில் இறங்கும் சாறு தேன் நிறமாய், தூய்மையாய் இருக்கிறது. அதைக் குடித்துப் பார்த்த பிறகு பழைய கலயத்திற்குத் திரும்ப மனம் வருவதில்லை. ஆனால் அதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை நாம் வன்மையாக மறுக்கிறோம். தெளுவில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு இனிப்பு. அதில் பெரும்பகுதி கரும்பில் உள்ள அதே சர்க்கரை. பொய் சொல்லி விற்ற முதற்குவளை இரண்டாவது குவளையைத் தடுத்துவிடும்; நோயாளிக்குத் தீங்கும் செய்யும்.

இனி ஏற்றுமதி. புட்டியில் அடைக்கும் முயற்சி ஒன்றின் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது, பெயர் வேண்டாம். இயந்திரம் கடனில் வந்திருந்தது. கோடையில் மின்சாரம் நின்ற இரண்டு நாளில் இருப்பு பொங்கிப் புட்டிகள் உப்பின. இருப்பேட்டில் 'சேதம்' என்ற பத்தியின் கூட்டுத்தொகை 'விற்பனை'யை மிஞ்சி நின்றது. அண்டைக் கேரளத்திலும் 2014இல் பெரும் ஆரவாரத்தோடு உரிமம் பெற்ற நீரா நிறுவனங்களுள் பல பின்னர் உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. பொள்ளாச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பானமாக அனுப்புவது இப்போதைக்கு நம் சங்கங்களின் சக்திக்கு மேற்பட்டது என்றே நாம் கருதுகிறோம். வெளிநாடு போகவேண்டுமானால் சர்க்கரையாகப் போகட்டும். ஏழெட்டு லிட்டர் தெளுவைக் காய்ச்சினால் ஒரு கிலோ தென்னஞ்சர்க்கரை கிடைக்கும். அதற்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை, கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் அந்தச் சந்தையில் நமக்கு முன்னே சென்றுவிட்டன. அதைப் பிடிப்பது கடினந்தான், ஆனால் நம்மால் முடியாததன்று.

பானமோ உக்கடத்திலிருந்து தொடங்கட்டும். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகிறவர்கள் வந்து காத்து நிற்கும் இடம் அது. கல்லூரிப் பிள்ளைகள், மருத்துவமனைக்கு வந்த கேரளத்தார், வேலைக்கு வந்த வடநாட்டார் என நம் பானத்தை அறியாத அந்நியர் அத்தனை பேரும் அங்கே இருக்கின்றனர். அங்கே சங்கத்தின் பேரில் ஒரு சிறு கடை. மரமேறத் தெரிந்தவர் ஒருவரையே விற்பனைக்கு நிறுத்துவது உத்தமம், ஏனெனில் கேட்பவருக்கு அவரால்தான் விளக்கம் சொல்ல முடியும். முதலில் ஒரு வாய் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு விலை கேட்கட்டும். பனை பருவத்தில் பனந்தெளுவும் நுங்கும், மற்ற நாளில் தென்னந்தெளுவும் அவித்த கடலையும் இருக்கட்டும். கடையின் ஒரு பக்கச் சுவரில் நெகமம் துண்டுகளைத் தொங்கவிட நெசவாளர் சங்கத்தார் இசைந்தால் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களிடம் இன்னும் பேசவில்லை.

விலையைத் தீர்மானிக்கும்போது மரமேறியின் பங்கை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு எழுதுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். நாள்தோறும் இருமுறை மரமேறிப் பாளை சீவுவதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மகனைத் தொழிலுக்கு அனுப்ப எந்தத் தந்தையும் விரும்புவதில்லை. கூலி உயராமல், பாதுகாப்புக் கருவியும் காப்பீடும் இல்லாமல், இக்கடை ஆறு மாதங்கூட நடக்காது.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கலாகாது. அதைக் குளிர்ப்பெட்டியிலேயே மாலைப் பேருந்தில் ஏற்றிச் சங்கத்தின் காய்ச்சுமிடத்திற்கு அனுப்பிவிட வேண்டும். எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை காய்ச்சலுக்குப் போனது என்ற மூன்று பத்திகளுடன் ஒரு ஏடு போதும். மூன்று மாதத்து ஏட்டை நாமே வந்து பார்வையிடுகிறோம். அப்போது பின்வரிசை அன்பரின் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.