கிராமப் பாடசாலையும் மஞ்சள் வண்டியும்

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும் நாட்களில் நம் கிராமாந்தரங்களுக்குச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிள்ளையார் கோயில் முனையில் மஞ்சள் வண்டியொன்று வந்து நிற்கும். கழுத்துப்பட்டை கட்டிய குழந்தைகளை ஏற்றிக்கொண்டு டவுனிலுள்ள தனியார் பள்ளியை நோக்கி அது விரையும். அவ்விடத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே சர்க்கார் ஆரம்பப் பாடசாலை இருக்கும். அங்கே ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்துப் பிள்ளைகள் பதினைந்து பேர், உபாத்தியாயர்கள் இருவர். இந்நிலை முற்றினால் என்ன நேரும் என்பதை 2019-ஆம் ஆண்டு காட்டிற்று. ஒரு மாணவரும் சேராத நாற்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நூல்நிலையங்களாக மாற்றத் தமிழ்நாடு சர்க்கார் அவ்வாண்டு முற்பட்டது. நூல்நிலையம் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் எழுத்தறிவிக்கும் இடத்தை மூடிவிட்டுப் புத்தகத்தை அடுக்குவது விந்தையே.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது அநீதியாகும். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பமான காலை உணவுத் திட்டம், 2023-ல் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் சென்றது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் மஞ்சள் வண்டி நிற்கவில்லை.

ஏன்? கூலி வேலை செய்யும் தகப்பன் வயிற்றைக் கட்டிப் பணம் செலுத்துவது சோற்றுக்காக அல்ல. தன் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவேண்டும். வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருக்கவேண்டும். இதுவே அவன் கோருவது. இங்கிலீஷ் படித்துக் கோர்ட்டில் பேசிப் பிழைத்த நாம் அவனுக்குத் தாய்மொழி உபதேசம் செய்யப் புகுந்தால் அவன் சிரிப்பான், சிரிப்பது நியாயமுமாகும். சர்க்கார் பள்ளிகளில் 2012 முதல் இங்கிலீஷ் வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஆனால் பல ஊர்களில் அதே கூடத்தில் அதே உபாத்தியாயரே இருவழியும் நடத்தவேண்டியதாயிற்று. பெயர்ப்பலகையை மாற்றினால் போதுமா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையும் கவனிக்கவேண்டும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது அதன் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இருவர்! அவர்களையும் ஜனத்தொகைக் கணக்குக்கும் தேர்தல் வேலைக்கும் அனுப்ப அதே சட்டத்தின் 27-வது பிரிவு இடமளிக்கிறது. ஒருவர் அவ்விதம் சென்றுவிட்டால் மற்றவர் பாடம் சொல்வாரா, பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பாரா? இவ்வளவுக்கும் மேலே, தனியார் பள்ளிகளில் ஆரம்ப வகுப்பு இடங்களில் கால் பங்கை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அச்செலவைச் சர்க்கார் ஈடுசெய்யவேண்டும் என்கிறது 12-வது பிரிவு. தன் பாடசாலையைக் காலிசெய்யத் தானே பணம் கொடுப்பது போலத்தான் இது முடிகிறது. அண்டையில் சர்க்கார் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இக்கடமை இல்லை என்று மகாராஷ்டிர சர்க்கார் 2024-ல் விதி செய்து பார்த்தது. பம்பாய் ஹைகோர்ட்டு அதை ரத்துச் செய்துவிட்டது. அத்தீர்ப்பு சரியே என்பது நம் அபிப்பிராயம். ஏழைக்குத் திறந்த கதவைச் சாத்தி அவனைக் கிராமப் பள்ளிக்குத் துரத்துவது பள்ளியை உயர்த்தும் வழியன்று.

செய்யவேண்டியது வேறு. பிள்ளைகள் எத்தனை பேராயினும் ஆரம்பப் பாடசாலைக்கு மூன்று உபாத்தியாயர்களுக்குக் குறையாமல் நியமிக்கவேண்டும். இருவரே உள்ள இடத்திலிருந்து ஒருவரையும் வேறு அலுவலுக்கு இழுக்கக்கூடாது. பள்ளியை மூடுவதோ இணைப்பதோ அதன் நிர்வாகக் கமிட்டியின் சம்மதமின்றி நடக்கக்கூடாது. அக்கமிட்டியில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டுமென்பது சட்டம். கையெழுத்துக்கு மட்டும் அந்தத் தாய்மார்களை அழைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவர்கள் கையெழுத்திடுமுன், தம் ஊர்ப் பள்ளிக்கு மூன்றாவது வாத்தியார் எப்போது வருவார் என்று கேட்டு, வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும்.