கூலி இழந்தவருக்கு நிவாரணம் எங்கே?

பூமி சூடேறுகிறது, மழை வந்தால் கொட்டித் தீர்க்கிறது, வெயில் அடித்தால் வாட்டி எடுக்கிறது. 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருக்கெடுத்துப் படுகைக் காய்கறித் தோட்டங்கள் மூழ்கின. இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். வரத்துக் குறைந்த 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆலைத் தொழிலாளி வீட்டில் வெறும் புளிக்குழம்புதான்.

2023 பிப்ரவரி மழையில் டெல்டா நெல் சாய்ந்தபோது மாநில சர்க்கார் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஒரு குழி நிலமும் இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு எந்தக் கணக்கில் நிவாரணம்? பயிர் போனால் அறுப்புக் கூலியும் போகிறதே!

புகை கக்கி லாபம் குவித்தவர்கள் ஏகாதிபத்திய முதலாளிகள். நஷ்டம் உழைப்பாளி தலையிலா? இழந்த கூலிக்கும் நிவாரணம் கொடு! ரேஷன் கடையில் மலிவு விலைக் காய்கறி கொடு! வயலும் ஆலையும் ஒன்றுபட்டுக் கேட்கட்டும்!