கொட்டகையின் அழகு எது?

தாம்பரம் பக்கத்துத் தோழர்கள் சிலர் பழைய சினிமாக் கொட்டகைகளை நினைத்து மிகவும் உருகுகிறார்கள். தாம்பரம் எம்.ஆர்., வித்யா, பல்லாவரம் ஜனதா, குரோம்பேட்டை வெற்றி என்று பெயர்களை அடுக்கி, "அந்த அழகு இன்றைய மால்களில் உண்டா?" என்கிறார்கள். எது அழகு என்றால், முறுக்காம், சோடாவாம், விசில் சத்தமாம்! முறுக்கு தேர்த் திருவிழாவிலுந்தான் கிடைத்தது. அதற்கா இவ்வளவு உருக்கம்?

நாம் சொல்லும் அழகு வேறு. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். சென்னை மாகாணத்துக் கோயில்களை எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிடும் சட்டமோ 1947-ல்தான் வந்தது. கணக்குப் பாருங்கள், 33 வருஷம்! டிக்கட்டு விற்கும் பொந்தில் ஒரு கைதான் நுழையும். கைக்குக் கோத்திரம் ஏது? காசு கொடுத்தவன் உள்ளே போனான். 1931-ல் தாம்பரத்துக்கு வந்த மின்சார ரயிலின் நெரிசலைப் போலவே, கொட்டகை இருட்டிலும் யார் தோள் யார்மேல் இடித்தது என்று பார்த்துத் தீட்டுக் கழிக்க எந்த வைதீகராலும் முடியவில்லை.

பேதமே இல்லை என்று நாம் புளுக வரவில்லை. தரை, பெஞ்சு, சோபா என்று பிரித்தார்கள். பெண்களைத் தனியே உட்கார வைத்தார்கள். திரையில் ஓடியதும் வெகுகாலம் புராணக் குப்பைதான். ஆனாலும், தரை டிக்கட்டுக்காரன் கையில் நாலணா சேர்ந்தால் மறுவாரம் பெஞ்சில் உட்காரலாம். ஜாதியில் அப்படி ஏறி உட்கார வழியுண்டா?

ஆகவே, கொட்டகையைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் சுவரையும் மின்விசிறியையும் விட்டு வாசலைப் பார்க்கட்டும். 2023 மார்ச்சில் கோயம்பேட்டில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கட்டு இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தாரை வாசலில் தடுத்தார்கள். மற்றவர்கள் தட்டிக் கேட்ட பிறகே உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குரிய படமல்ல என்று நிர்வாகத்தார் பிறகு காரணம் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு இருந்த சான்றிதழோ, பெற்றோர் துணையுடன் வரும் குழந்தைகளைத் தடுக்கவேயில்லை.