மாற்றானுக்கும் ஒரு முறை

“கூறியது கூறல்! சுவையற்ற சொற்குவியல்!” — கதாவத்துவைப் புரட்டியோர் சிலர் இப்படி எள்ளி நகைக்கின்றனர். எண்ணிப் பார்த்தனரா அவர்கள்?

அபிதம்ம பிடகத்தின் ஏழு நூல்களுள் ஒன்று அது. அசோகன் காலத்தில், பாடலிபுத்திரத்துச் சங்கத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் உரைத்தது என்பது தேரவாத மரபு. 200க்கு மேற்பட்ட வாதங்கள்! முதல் வாதமோ, ‘ஆள்’ என ஒன்று மெய்ப்பொருளாக உண்டா என்பது. பௌத்தருக்குள்ளேயே மூண்ட போர்!

“உண்டு” என்பவனை நூலார் மடக்குகிறார்: இதை ஒப்பினால் அதையும் ஒப்புக, இன்றேல் தோல்வியை ஏற்க. அத்தோடு முடிந்ததா? இல்லை! முறை மாறுகிறது. இப்போது எதிரி கேட்கிறான், நூலார் விடையிறுக்கிறார். அதே வாய்பாடு, அதே அளவுகோல்! கூறியது கூறலன்று இது. தனக்கொரு நீதி, மாற்றானுக்கொரு நீதி என்னாத நேர்மை!

இறுதியில் வெல்வது நூலார் கட்சியே, மறுக்கவில்லை. ஆயினும் மாற்றானின் வாதத்தை மறைக்கவில்லை, ஏட்டிலேற்றிக் காத்தனர்.

“ஏன்?” என்ற மாணவனை “உட்கார்!” என்று உறுமும் ஆசிரியர் உண்டு, நானும் ஒருநாள் உறுமியவனே, வெட்கத்தோடு சொல்கிறேன். எதிர்வாதத்தைத் திரித்துக் கைதட்டல் பெறும் மேடைப் பேச்சாளரும் உண்டு. நமக்கெல்லாம் பாடம் அந்த ஏடு. உன் அளவுகோலை மாற்றான் கையில் கொடு, பிறகு வாதிடு! அதற்கு அஞ்சுவது கொள்கையன்று, வெறுங்கூச்சல்!