அச்சமும் ஐயமும் விசுவாச வளர்ச்சியும்

கல்லூரி வாழ்க்கையிற் புகும் இளைஞர் தம் இல்லத்தினின்று கொணரும் பொருள்களுள் கண்ணுக்குப் புலனாகாத பொருளொன்றுண்டு. அஃது அன்னையின் மடியிலும், ஓய்வுநாட் பள்ளியிலும், குடும்ப ஜெபத்திலும் அவர் பெற்ற விசுவாசமேயாம். பெட்டி படுக்கைகளைப் பத்திரமாய்க் காக்க அறிந்தவர் இதனைக் காக்கும் வகையறியாது தடுமாறுகின்றனர். சரித்திரமும் விஞ்ஞானமும் தத்துவமும் கற்குந்தோறும் புதிய வினாக்கள் எழுகின்றன. பிற சமயத்து நண்பரோடு பழகுந்தோறும் முன்னர்த் தோன்றாத எண்ணங்கள் தோன்றுகின்றன. இல்லத்தில் ஓர் அகால மரணம் நேருங்கால், அன்புள்ள தேவன் இதனை ஏன் அனுமதித்தார் என்னும் கேள்வி நெஞ்சைத் துளைக்கின்றது. இங்ஙனம் ஐயம் எழுதல் இயல்பே. அதன் பின்னே நிழல்போல் வரும் அச்சமே பெருங்கேடு விளைப்பது. போதகர் அறியின் என் நினைப்பார்? பெற்றோர் எத்துணை வருந்துவர்? தேவன்தாமும் நம்மைக் கைவிடுவாரோ? இவ்வாறெல்லாம் அஞ்சி, ஐயத்தை உள்ளே புதைத்து, வெளியே முன்போலவே பாடியும் ஜெபித்தும் வருவோர் பலர். நாளடைவிற் பாட்டும் ஜெபமும் நாவளவில் நின்று, கல்லூரியை விட்டு நீங்குங்கால் அவையும் ஒழிந்துபோகின்றன. எவரோடும் வாதிட்டுத் தோற்று விசுவாசத்தை இழந்தவரினும், எவரோடும் பேசாமலே அதனை இழந்தவர் மிகுதியென்பது எமது கருத்து.

இது குறித்து நம்மிடையே இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. ஐயுறுதல் பாவமென்றும், ஐயுற்றவன் வாய்திறவாது அதனை அடக்கிக்கொள்ள வேண்டுமென்றும் கூறுவார் ஒருசாரார். ஐயுறுதலே அறிவுடைமையென்றும், விசுவாசம் பேதையர்க்கே உரியதென்றும் கூறுவார் மற்றொருசாரார். முன்னவர் நோயை மறைக்கச் சொல்கின்றனர். பின்னவர் நோயையே அணிகலனாய்ப் பூணச் சொல்கின்றனர். நோய் தீரும் வழியை இருவரும் கூறினாரல்லர். யாம் கூறப் புகுவது இவ்விரண்டினும் வேறாயது. அச்சமும் ஐயமும் முற்றும் நீங்கிய பின்னரே விசுவாசம் வளருமென்பதன்று. அவை உள்ளத்தில் இருக்கும்போதே அவற்றை ஒளியாது உரைத்து, விசுவாசிகளின் கூட்டத்தை விட்டு நீங்காது, அறிந்த கடமையைச் செய்து நடப்பவனிடத்தே விசுவாசம் வளர்கின்றது என்பதே எமது துணிபு.

வேதாகமம் இதற்குச் சான்று பகரும். தோமாவைச் சந்தேகக்காரரென்று இகழ்தல் வழக்கமாய்விட்டது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தாம் கண்டதாக மற்றைச் சீஷர் கூறியபோது, அவருடைய காயங்களைக் கண்டு தொட்டாலன்றித் தாம் நம்புவதில்லையென்று அவர் வெளிப்படையாகவே உரைத்தார். அதன்பின் எட்டு நாட்கள் கழிந்தன. அவ்வெட்டு நாட்களைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. தோமா அவர்களை விட்டு அகன்றாரல்லர். அவர்களும் அவரைப் புறம்பே தள்ளினாரல்லர். ஆண்டவர் மீண்டும் வந்தபோது தோமா அக்கூட்டத்தினுள்ளேயே இருந்தார். ஆதலினன்றோ அவரைத் தம் தேவனென்று அறிக்கையிடும் பேறு பெற்றார்! கடலின்மேல் நடக்கத் துணிந்து, காற்றைக் கண்டு அஞ்சி அமிழத் தொடங்கிய பேதுருவும், அமிழும்போதே ஆண்டவரைக் கூவியழைத்தார். அச்சம் தெளிந்தபின் அழைப்போமென்று தாமதித்தாரில்லை. நோயுற்ற மகனைக் கொணர்ந்த தந்தையொருவனோ, தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒருங்கே ஆண்டவர்முன் வைத்து உதவி வேண்டினான். ஆண்டவர் அவனைக் கடிந்து அனுப்பாது மகனைச் சுகப்படுத்தினார்.

நிற்க. பிற்காலத்துச் சான்றொன்றும் காட்டுதும். ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் நம் கிறிஸ்தவ இல்லங்களிற் பயின்றுவரும் நூலின் ஆசிரியராகிய ஜான் பனியன், இங்கிலாந்து தேசத்திற் பெட்பர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டிற் பிறந்தார். பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடுவது அவருடைய தொழில். அவர் நூலைப் படிப்போர், அவர் என்றும் கலங்காத திடவிசுவாசியென எண்ணுதல் கூடும். உண்மை அஃதன்று. தம்மை ஆண்டுக்கணக்காய் வாட்டிய அச்சங்களையும் ஐயங்களையும், 1666-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் மறையாது எழுதியுள்ளார்.

கோயில் மணியடிப்பதைக் காணச் சென்றவர், மணி அறுந்து தம் தலைமேல் விழுமோவென அஞ்சி உத்திரமொன்றன் கீழே ஒதுங்கினார். அதுவும் போதாதென்று வாயிலில் வந்து நின்றார். முடிவிற் கோபுரமே சரிந்தால் என் செய்வதென எண்ணி அவ்விடத்தையும் விட்டோடினார். தமக்கு விசுவாசம் உண்டோவென்று சோதித்தறியும்பொருட்டு, வழியில் தேங்கிய நீரை வற்றுமாறும், வறண்ட நிலத்தில் நீர் தேங்குமாறும் கட்டளையிட்டுப் பார்க்க நினைத்தார். அற்புதம் நிகழாவிடின் தாம் அவிசுவாசியென்பது முடிவாகிவிடுமேயென்று அஞ்சி அதனையும் விடுத்தார். பிற மதத்தாரும் தத்தம் வேதமே மெய்யென்கின்றனரே, நம் வேதமே மெய்யென்பதற்கு ஆதாரம் யாதென்னும் கேள்வியும் அவரை அலைக்கழித்தது. கல்லூரி மாணவர் தமக்கே புதிதாய்த் தோன்றியதென எண்ணும் இவ்வினா, 350 ஆண்டுகளுக்கு முன்னரே பாத்திரம் செப்பனிடும் ஒருவரை உறக்கமின்றி வருத்தியதென்பது காண்க.

அவரைத் தேற்றியது யாது? வாதத்தில் வல்ல அறிஞரின் சொற்போரன்று. பெட்பர்டு நகரத் தெருவொன்றில், வீட்டு வாயிலில் இளவெயிலில் அமர்ந்து தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரே அவருக்கு முதல் வழிகாட்டிகளாயினர். அவர்கள் தம் உள்ளத்தின் குறைகளையும் தமக்கு நேர்ந்த சோதனைகளையும் ஒளியாது பேசினர்; ஆயினும் மகிழ்வோடு பேசினர். அம்மகிழ்ச்சி தம்மிடத்தில்லையென்று உணர்ந்த பனியன் அவர்களை மீண்டும் மீண்டும் நாடிச் சென்றார். அவர்கள் வாயிலாக அவர்தம் போதகராகிய ஜான் கிப்பர்டு என்பாரையும் அடைந்தார். பின்னர் மார்ட்டின் லூதர் கலாத்தியர் நிருபத்திற்கு வரைந்த விளக்கவுரையின் பழம்பிரதியொன்று, ஏடு புரட்டினால் உதிரும் நிலையில், அவர்க்குக் கிடைத்தது. தம் உள்ளத்தின் நிலையே அதில் எழுதப்பட்டிருத்தல் கண்டு அவர் வியந்தார். தமக்கு முன்னும் ஒருவர் இவ்விருளில் நடந்து கரையேறினார் என்னும் அறிவே அவர்க்குப் பேருதவியாயிற்று. ஐயங்கள் அன்றே ஒழிந்தனவென்று எண்ணற்க. அவை அதன் பின்னரும் வந்தன. ஆனால் அவர் தனித்திருந்து அவற்றோடு போராடவில்லை.

1660-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக அவர் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லையென்று உறுதி கூறின் விடுதலை எய்தியிருக்கலாம். அவர் கூறவில்லை, 1672 வரை 12 ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. அவருடைய மனைவி எலிசபெத்து 1661-இல் நீதிபதிகள்முன் நின்று மன்றாடியும் பயனில்லை. மக்களுள் மூத்தவள் கண்பார்வையற்றவள். அவள் பசியாலும் குளிராலும் வாடுவாளேயென்னும் நினைவு தம் நெஞ்சைப் பிளந்ததாக அவர் எழுதியுள்ளார். சிறையிலிருந்து நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். தமக்குத் தூக்குத் தண்டனை நேருமோவென்னும் அச்சமும் அவரைப் பற்றியது. மரணத்தினும் மிகுதியாய் அவர் அஞ்சியது வேறொன்று: தூக்குமரத்து ஏணியில் நிற்கும்போது முகம் வெளுத்து முழந்தாள் நடுங்கின், தம்மால் ஆண்டவர் திருநாமத்திற்கு இழிவு வருமேயென்பதே. அவ்வேளையில் அவர் ஜெபித்தும் ஆறுதல் கிட்டவில்லை, வானம் மூடியேயிருந்தது. அப்பொழுதே அவர் ஒரு துணிவுக்கு வந்தார்: தேவன் தம்மைத் தேற்றினும் தேற்றாவிடினும், தம் முடிவு இன்னதென்று தெரியாவிடினும், தேவனுக்குச் செய்யும் கடமையினின்று தாம் பின்வாங்கலாகாது என்பதே அது.

எமது கருத்தின் உயிர்நிலை இதுவே. அச்சம் அவரை விட்டு நீங்கிய பின்னர் அவர் துணிந்தாரில்லை. அச்சம் உடனிருக்கவே துணிந்தார். விசுவாசமென்பது கலங்காத உணர்ச்சியன்று. கலங்கும்போதும் ஆண்டவரைப் பற்றிநிற்கும் செயலாம்.

இவ்வனுபவமே 1678-ஆம் ஆண்டில் வெளிவந்த மோட்சப் பிரயாணத்திற் கதையுருக் கொண்டது. கிறிஸ்தியானும், நம்பிக்கையென்னும் பொருள்படும் பெயர் பூண்ட அவன் தோழனும் வழி தவறிச் சந்தேகக் கோட்டையின் எல்லைக்குட் புகுந்து, நிராசையென்னும் இராட்சதன் கையில் அகப்படுகின்றனர். அவன் அவர்களை இருட்டறையில் அடைத்து அடித்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் தூண்டுகின்றான். கிறிஸ்தியான் அதற்கு இசையத் தலைப்படுங்கால், தோழனே அவனைத் தடுத்துக் காக்கின்றான். இருவரும் நள்ளிரவு தொடங்கி ஜெபித்த பின், வாக்குத்தத்தமென்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருத்தலைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கின்றான். இதில் நாம் குறிக்கொள்ளத் தக்கவை மூன்று. திறவுகோல் முதலிலிருந்தே அவனிடம் இருந்தது. தனித்திருந்தானாயின் அதனை நினைக்கும் வரை அவன் உயிரோடிருந்திரான். கடைசிப் பூட்டு எளிதில் திறந்ததுமன்று.

1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், யாவற்றிற்கும் அஞ்சும் பிரயாணியொருவனின் வரலாறும் வருகின்றது. அவன் நிராசை உளையின் கரையிலேயே ஒரு மாதத்திற்கு மேல் கிடந்தான். எவர் வீட்டுக் கதவையும் தட்ட நாணினான். ஆயினும் அவன் திரும்பிச் செல்லவில்லை. செங்குத்தான மலைக்கும் சிங்கங்களுக்கும் அவன் அஞ்சவில்லை. முடிவில் ஆண்டவர் தன்னை ஏற்பாரோ என்பதே அவன் அச்சம். அவன் இறுதி ஆற்றைக் கடக்கும் நாளில் நீர் என்றுமில்லாத அளவு குறைந்திருந்ததாகவும், பாதம் நனையும் அளவிலேயே அவன் அக்கரை சேர்ந்ததாகவும் பனியன் கூறுகின்றார். அஞ்சுவோரை அவர் ஏளனம் செய்யவில்லை. பரிவோடு கைபிடித்துக் கரைசேர்க்கின்றார்.

இந்நூலைத் தழுவியே நம் நாட்டு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள், 1894-ஆம் ஆண்டில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை அளித்தார். வைணவ குடும்பத்திற் பிறந்து, 1853-இல் சாயர்புரத்திற் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராய் அமர்ந்த அப்பெரியார், 1858-இலேயே சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஐந்தாண்டுகள் சென்ற பின்னரே அவர் அவ்வடி எடுத்துவைத்தார். மெய்யான துணிவுக்குக் காலம் வேண்டுமென்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இவற்றை நம் வாழ்விற் கைக்கொள்ளுமாறு யாது? பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவனொருவன் ஐயத்தை வெளியிடுங்கால் அவனை உடனே கண்டித்தலும், உடனே விடை கூறி வாயடைத்தலும் வேண்டா. அவன் நம்மை நம்பி வந்தான். அதுவே விசுவாசத்தின் ஒரு வித்து. நம் ஜெபக்கூட்டங்களில் வெற்றியடைந்தோரின் சாட்சியே கேட்கப்படுகின்றது; போராடிக்கொண்டிருப்போர்க்கும் ஆங்கு இடம் வேண்டும். ஐயம் வெளிப்படின் பிறர்க்கும் தொற்றுமேயென்று சிலர் அஞ்சுவர். பெட்பர்டுப் பெண்கள் தம் குறைகளை வெளிப்படப் பேசியதாற் கேடுற்றவர் எவர்? அவர் பேச்சால் ஒருவர் உயிர் பெற்றார். அவரால் உலகம் ஒரு நூல் பெற்றது.

மாணவர்க்கும் சில கூறுதும். உங்கள் ஐயத்தை நம்பத்தக்க ஒருவரிடமேனும் உரைப்பீராக. விடை கிட்டாத நாட்களிலும் ஆராதனையையும் நண்பர் கூட்டத்தையும் விட்டு விலகற்க. ஐயத்தோடு ஜெபித்தல் மாய்மாலமன்றோவென்று வினவுவீராயின், அன்று என்போம். ஐயமில்லாதவர்போல் நடித்தலே மாய்மாலம். ஐயத்தையும் ஏந்திக்கொண்டு ஆண்டவர்முன் நிற்றல் உண்மையாம். ஐயம் எத்துணை மிகினும் ஐயத்திற்கிடமில்லாத கடமைகள் சில எஞ்சிநிற்கும்: விடுதியில் நோயுற்ற தோழனுக்கு உதவுதல், தேர்விலும் பேச்சிலும் வஞ்சமின்றியிருத்தல், எளியவனைப் புறக்கணியாமை. அவற்றைச் செய்வீராக. வினாக்களுட் சில நூல்களால் தெளியும். சில முதிர்ச்சியால் தெளியும். சில இறுதிவரை தெளியாமலும் இருக்கலாம். அவை எஞ்சியிருப்பினும் வழி நடத்தல் இயலும்.

அமிழ்ந்தவனை நோக்கி நீண்ட திருக்கரமும், கதவுகள் பூட்டியிருக்க உள்ளே வந்து தோமாவுக்குக் காட்டப்பட்ட திருக்காயங்களும் இன்றும் நம்முடையனவே. அச்சத்தோடு வருவோரையும் ஐயத்தோடு வருவோரையும் புறம்பே தள்ளாத எம்பெருமான், நம் கல்லூரி மக்கள் யாவரையும் நாளுக்குநாள் விசுவாசத்தில் வளரச் செய்தருள்வாராக.