விலை இறங்குது, பேர் இறங்கலையே!

புதுக் கார். பானெட்டில் மாலை. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். டிரைவர் கிளட்சை விடுகிறார். சதக்!

நசுங்கியது எலுமிச்சம்பழம் மட்டும் இல்லை. வாங்கியவரின் பணத்தில் ஒரு பங்கும் அந்த இடத்திலேயே நசுங்கிவிட்டது.

இதில் சதி ஒன்றும் கிடையாது. கணக்குதான். 7 லட்ச ரூபாய் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு உயர்த்திய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். ஆக, 91 ஆயிரம் ரூபாய்! அதோடு இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், சீட் கவர், மேட், சாமி பொம்மை. மறுநாளே போய் விற்றுப் பாருங்களேன். "ஆயுள் வரி கட்டியிருக்கேன் சார்" என்று சொன்னால், வாங்க வந்தவர் "எல்லா வண்டிக்கும்தானே கட்டியிருக்கு" என்று சிரிப்பார். போட்ட பணம் போட்டதுதான்.

வருஷத்துக்கு ஒரு படி

அதற்குப் பிறகு வண்டி படி இறங்க ஆரம்பிக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு கட்டம் இருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. வண்டி திருட்டுப் போனாலோ, அப்பளமாக நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை அதுதான். கம்பெனி அறிவித்த விலையிலிருந்து 6 மாசத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருஷம் வரை 15. இரண்டு வருஷம் வரை 20. மூன்று வரை 30. நாலு வரை 40. ஐந்து வரை 50. அதற்கு மேல் போனால் பேசி முடிவு செய்ய வேண்டியது.

அதாவது ஐந்து வருஷத்தில் பாதி காலி!

சந்தை விலை இதே கணக்கில்தான் போகும் என்றில்லை. ஊரில் நிறைய ஓடுகிற வண்டி, எந்த மெக்கானிக்கும் பிரிக்கத் தெரிந்த வண்டி, உதிரி பாகம் கடைவீதியிலேயே கிடைக்கிற வண்டி என்றால் இதைவிடக் கூடவே போகும். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல் என்றால் கேட்க நாதி கிடையாது. ஆனாலும் பேரம் பேச வருகிற புரோக்கர் முதலில் கேட்பது, "பாலிசியைக் காட்டுங்க, ஐ.டி.வி. எவ்வளவு போட்டிருக்கான்?" என்றுதான். அந்த ஒரு எண்ணை வைத்தே உங்கள் வாயை அடைத்துவிடுவார்.

15 வருஷம் ஆகிவிட்டால் இன்னொரு பள்ளம். பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள். பசுமை வரி தனி.

அந்தக் காலம் வேறே!

பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு கதை சொல்வார்கள். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது விலை 50 ஆயிரத்தைச் சுற்றித்தான். ஆனால் உடனே சாவி வேண்டும் என்றால், அதற்கு மேல் ஒரு தொகை வைத்தால்தான் பேச்சு. பஜாஜ் ஸ்கூட்டரும் அப்படியே. வாங்கி ஓட்டி, லாபத்துக்கு விற்ற ஆசாமிகளும் உண்டு. சரக்கு குறைவு, ஆள் அதிகம். அதனால் பழசுக்கும் மவுசு.

நம்ம ஊரில் பழசுக்கு என்றுமே மவுசுதான். ஊர்ப் பெயரே முதுகுன்றம்; கோயிலில் இருக்கும் சாமி பழமலைநாதர். சுந்தரர் இங்கே பெற்ற 12 ஆயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. பொன் அப்படியே கிடைத்தது. அவர் போட்டது பொன். காராக இருந்திருந்தால், கரை ஏறுவதற்குள் பாதி விலை கேட்டிருப்பார்கள்!

இப்போது புதுக் கார் கேட்ட மறுவாரமே வீட்டு வாசலுக்கு வருகிறது. பழசை யார் தேடுவார்கள்? போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தது. அதற்கு முந்தின நாள் வரை சின்ன பெட்ரோல் காருக்குச் செஸ் சேர்த்து 29 சதவீதம், மறுநாள் 18. வரி போகக் கார் விலை 4 லட்சம் என்றால், 5 லட்சத்து 16 ஆயிரம் ஆக இருந்தது 4 லட்சத்து 72 ஆயிரம் ஆனது. புதுசு வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் போன வருஷம் அதே காரை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தவருக்கு? தூங்கி எழுந்தபோது 44 ஆயிரம் ரூபாய் அளவுக்கு அடி! அவர் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு வார்த்தை, வாங்குகிறவர்களுக்கும். இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி 'அடிமாட்டு விலை' என்று ஒரு வண்டி வந்தால் உஷார். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மிதந்தன. இப்படி மூழ்கி இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவின வண்டிகள் ஏலத்துக்குப் போய், பாலிஷ் போட்டு மறுபடி ரோட்டுக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே வண்டல் இருந்தால் வண்டி குளித்திருக்கிறது. மேட்டுக்கு அடியில் துரு, கதவைத் திறந்ததும் முடை நாற்றம், எல்லாம் அதே கதைதான். 10 வருஷம் ஆன டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, அங்கிருந்தும் மலிவு விலையில் வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வந்தன. இங்கே கொண்டுவந்து தடையில்லாச் சான்று காட்டி, மறுபடி ஆயுள் வரி கட்டினால், மலிவு எங்கே போச்சு?

பட்டறைக்காரர் மாட்டிய கதை

விலை இறங்குவதோடு போனால் பரவாயில்லை. நாம் இன்று எழுத உட்கார்ந்தது அதற்கு அடுத்த கட்டத்துக்காக.

நமக்குத் தெரிந்தவர் ஒருவர். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் பியூஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை. பீங்கானை விரலால் சுண்டி, சத்தத்திலேயே விரிசலைச் சொல்லிவிடுவார். நெய்வேலி, கடலூர் என்று ஆர்டர் பிடிக்கப் போக 2021-ல் கார் எடுத்தார். 7 லட்சம் கடன். 7 வருஷத் தவணை. மாசம் 11 ஆயிரத்து 600 சொச்சம். "மாசத் தவணை கம்மி சார்" என்று கடன் கொடுத்தவர்கள் காட்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

இரண்டு வருஷம் போனது. ஆர்டர் மந்தம். வண்டியை விற்றுவிடலாம் என்று போனவருக்குத் தலை சுற்றியது. கடன் பாக்கி 5 லட்சத்து 47 ஆயிரம். வண்டிக்குக் கேட்ட விலை 4 லட்சத்து 90 ஆயிரம்! விற்றும் கையிலிருந்து 57 ஆயிரம் போட்டால்தான் கடன் அடையும். அவரிடம் ஏது 57 ஆயிரம்?

காரணம் எளிது. நீண்ட தவணையில் முதல் வருஷங்களில் கட்டுவதில் ஒரு பெரிய பங்கு வட்டிக்குப் போகிறது. வண்டி விலையோ அதே முதல் வருஷங்களில்தான் வேகமாக இறங்குகிறது. கடன் நத்தை, விலை குதிரை. நாலாவது வருஷ முடிவில்தான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. அப்போதும் விற்றவருக்குக் கையில் மிஞ்சுவது காற்று.

இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைந்தார்.

"அண்ணே, எதுக்கு மண்டையை உடைச்சுக்கறீங்க? பாக்கித் தவணையை வாங்குறவரே கட்டிக்குவாரு. உங்க கையில 25 ஆயிரம் தர்றாரு. பேர் மாத்துறதெல்லாம் லோன் முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம். நீங்க ரெண்டு கையெழுத்து போட்டாப் போதும்."

போட்டார். எழுதாத பாரத்தில்!

4 லட்சத்து 90 ஆயிரம் பெறுகிற வண்டிக்கு 5 லட்சத்து 47 ஆயிரம் பாக்கியையும் ஏற்றுக்கொண்டு, மேலே 25 ஆயிரமும் கொடுக்க ஒருவன் சந்தோஷமாகச் சம்மதிக்கிறான் என்றால், அவன் தவணை கட்டப் போவதில்லை என்று அர்த்தம். பீங்கானில் விரிசல் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு இந்த விரிசல் தெரியவில்லை. கஷ்டத்தில் இருந்தார். கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு யார் நல்ல வார்த்தை சொன்னாலும் தெய்வமாகத்தான் தெரியும்.

மூன்று தவணை வந்தது. பிறகு அந்தப் பேர்வழி டிமிக்கி. கடன்காரர்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். செல்போனில் ஒவ்வொன்றாக அபராதச் செய்திகள்: அதிவேகம், சிக்னல் மீறல். இவர் வாழ்க்கையில் போகாத ஊர்களில் எல்லாம் இவர் பெயரில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்ததுதான் பேரிடி. ஒரு விபத்து வழக்கில் கோர்ட் நோட்டீஸ்!

"தம்பி, வண்டி எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் எப்படி இடிச்சவன் ஆனேன்?" என்று நம்மிடம் கேட்டார்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

பதிவுப் புத்தகத்தில் யார் பெயரோ, அவரைத்தான். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் உரிமையாளர் 2007-லேயே வண்டியை விற்றுவிட்டார். அதன் பிறகு வண்டி கை மாறிக் கை மாறிப் போனது. 2009-ல் விபத்து. ஓர் உயிர் போனது. 'நான் விற்று இரண்டு வருஷம் ஆச்சு' என்ற பேச்சு எடுபடவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு. அடிபட்டவர் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதில் உள்ள நியாயம். அந்த நியாயத்தை நாம் குறை சொல்ல முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவும் தெளிவாக இருக்கிறது. இதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பாரம் 29, பாரம் 30. கடன் இருந்தால் அதை முடித்து, பாரம் 35-ல் கடன் கொடுத்தவர் கையெழுத்து. பாரம் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடித் தாள்தான். ஆனால் நம்ம ஊரில் எத்தனை வண்டி இப்படி விற்கப்படுகிறது? டீக்கடைப் பெஞ்சில் 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி, சாவியைக் கொடுத்து, 'எல்லாம் ஒரு நம்பிக்கைதான்' என்று முடிக்கிறார்கள்.

புரோக்கர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நாணயமாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறோம். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறைப்படி தெரிவித்துவிட்டால், அடுத்தவருக்கு விற்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். இவ்வளவு நல்ல விதி பட்டறைக்காரர் காதுக்கு வந்து சேரவே இல்லை!

சான்று பெற்றவர்கள் யார் யார் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகும்? சான்று இல்லாமல் எழுதாத பாரத்தில் கையெழுத்து வாங்குகிறவர்களைப் போலீசார் ஏன் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது? கார் கடன் கொடுப்பவர்களும் மாசத் தவணையை மட்டும் காட்டி ஆளை மயக்காமல், ஒவ்வொரு வருஷ முடிவிலும் பாக்கி எவ்வளவு நிற்கும், அப்போது வண்டி ஏறக்குறைய என்ன பெறும் என்று ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் பட்டறைக்காரர் 7 வருஷத் தவணைக்குத் தலை ஆட்டியிருக்க மாட்டார். 5 வருஷத் தவணை போட்டிருப்பார். அல்லது 3 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய காரே போதும் என்று ரொக்கம் கொடுத்து வாங்கியிருப்பார்.

இப்போது அவர் வக்கீல் வைத்திருக்கிறார். அந்த 25 ஆயிரம் வக்கீல் பீசுக்கே போதவில்லை. பட்டறைக்குச் சைக்கிளில்தான் வருகிறார்.

நேற்றும் அவர் செல்போனில் ஒரு செய்தி வந்தது. சீட் பெல்ட் போடாமல் கார் ஓட்டினாராம். அபராதம் 1,000 ரூபாய்.