சான்றிதழ் வரும்வரை பாடம் காத்திருக்கக் கூடாது: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு மாநிலத் திட்ட இயக்குநர் அவர்கள், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி, சென்னை.
உயர்திரு தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்பிலேயே, வகுப்பறைக்குள்ளேயே உதவி கிடைக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, காது கேட்கிறது. கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வார்கள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சரிபார்ப்பார்கள். பாடப் புத்தகத்தை நீட்டினால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள்.

1995-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் இவர்களுக்கு இடமிருக்கவில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில்தான் கற்றல் குறைபாடு சேர்ந்தது. இதைக் குழந்தைகளிடம் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும், தக்க கற்பித்தல் முறைகளால் அதைக் கடக்க உதவ வேண்டும் என்று அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. நடப்பில் உதவி வந்து சேர்வது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போதுதான். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு: இவற்றுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால், பிள்ளை பின்தங்கத் தொடங்கியது இரண்டாம் வகுப்பில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவே.

தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால். வாய்க்கு முதலில் வருவதோ ககரம்தான். கண் ஒரு வரிசையில் போக, ஒலி வேறு வரிசையில் வருகிறது. மற்றப் பிள்ளைகள் சில வாரங்களில் இதைக் கடந்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடுவதில்லை. ல, ள, ழ மயக்கமும் ன, ண, ந மயக்கமும் இதோடு சேர்கின்றன. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிய குழந்தைக்குச் சிவப்பு மையில் சுழித்து, 'பத்து முறை எழுது' என்கிறோம். அது தவறாகவே பத்து முறை எழுதுகிறது. மணலில் விரலால் எழுதவைத்து, ஒலியைக் கைதட்டிப் பிரித்துக்காட்டினால் அதே குழந்தை தேறுவதை எங்கள் வீடுகளில் கண்டிருக்கிறோம். இந்த முறைகளால் வகுப்பிலுள்ள மற்ற எந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை. இவற்றை வகுப்பாசிரியர்கள் எல்லோருக்கும் செய்முறைப் பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும் என்பதே எங்கள் தலையாய கோரிக்கை.

இப்பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியப் புதிய திட்டம் தேவையில்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கப்படுகிறார்கள். ஒரு குழந்தை தொடர்ந்து இரண்டு பருவங்கள் அரும்பிலேயே நின்றால், ஏன் என்று கேட்கும் பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். உடனே அதைப் பதிவுசெய்து, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் முப்பது நாட்களுக்குள் அந்த வகுப்பறைக்கே வந்து பார்க்க ஆணையிட வேண்டுகிறோம்.

சிறப்பாசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைகிறார். கடும் பாதிப்புள்ள குழந்தைகளை முதலில் கவனிக்கிறார், அது நியாயமே. தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே வகுத்துவிட்டது. அந்த விகிதப்படி நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி நிரப்ப வேண்டும்.

வகுப்புத் தேர்வுகளில் வினாவை வாசித்துக் காட்டவும், விடையை வாய்மொழியாகக் கேட்கவும், கூடுதல் நேரம் தரவும் மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. தலைமையாசிரியரே முடிவுசெய்யட்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்காக மதிப்பெண் குறைப்பதை நிறுத்த வேண்டும். சான்றிதழ் முகாம்களை வட்டார அளவில் நடத்தினால், மாவட்டத் தலைநகருக்கு அலைந்து எங்களில் பலர் இழக்கும் நாட்கூலியாவது மிஞ்சும்.

இன்னொன்று. 'மக்கு' என்று அழைக்கப்பட்டு, கடைசி வரிசையில் தனியே உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். காலையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துப்போன கைகள் இந்த மனுவில் கையொப்பமிட்டிருக்கின்றன. இப்படி அழைப்பதையும் பிரித்து உட்காரவைப்பதையும் தடைசெய்து சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம்.

வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கவும், எங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கவும் பணிவுடன் கோருகிறோம். வரும்போது எங்கள் பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்பு முதலான நோட்டுகளையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.